அளக்காமலே அரிதென்பதா?

பிள்ளையின் நெற்றியில் முத்தமிடுகிறாள் தாய். உதட்டில் உப்புக் கரிக்கிறது. "ஐயோ, இது தங்காத பிள்ளை! சூனியம் பட்ட பிள்ளை!" என்று அலறுகிறது அண்டை அயல். இது நம் நாட்டுக் கதையன்று. சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பியச் சிற்றூர்களிலே உலவிய நம்பிக்கை. நெற்றி உப்பாக இருக்கும் பிள்ளை நெடுநாள் வாழ்வதில்லை என்பதை அந்த மக்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். கண்டது மெய். கண்டதற்குக் கற்பித்த காரணமோ பொய்!

அவர்களைப் பார்த்து நகைக்கலாமா நாம்? நம் வீட்டுப் பிள்ளை குடித்த பாலை எண்ணெய் மிதக்கும் மலமாகக் கழித்தால் 'மாந்தம்' என்கிறோம். எலும்பும் தோலுமாய் இளைத்தால் 'சவலை' என்கிறோம். நெஞ்சிலே சளி கட்டி மூச்சு இரைத்தால் 'கணை' என்கிறோம். மூன்றும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் இருக்கவே இருக்கிறது 'தோஷம்'! தோஷத்துக்குத் தாயத்து, தாயத்துக்குத் தட்சிணை, தட்சிணை பலிக்காவிட்டால் பரிகாரம், பரிகாரமும் பலிக்காமல் பிள்ளை கண்ணை மூடிவிட்டால் 'போன பிறவியின் வினை'. ஐரோப்பியன் அன்று சூனியக்காரியைத் தேடினான். நாம் இன்று பெற்றவளின் முன்வினையைத் தேடுகிறோம். அவன் தேடுவதை நிறுத்தி ஆராயத் தொடங்கினான். நாம் எப்போது நிறுத்தப் போகிறோம்?

அந்த உப்பு நெற்றிக்கு இன்று பெயர் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்பார்கள் மருத்துவர்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் வாயில் நுழையாத பெயர் என்பதற்காக நோய் வீட்டில் நுழையாமல் இருந்துவிடுவதில்லை.

நோயின் கதையைக் கேளுங்கள். நம் உடலின் உயிரணுக்களிலே உப்பின் ஒரு கூறாகிய குளோரைடு போய்வருவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உண்டு. அந்த வாயிலை அமைக்கும் மரபணு, நம் ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. தாய் தந்த படியும் பழுது, தந்தை தந்த படியும் பழுது என்றாகிவிட்டால் வாயில் அமைவதில்லை, அல்லது அமைந்தும் திறப்பதில்லை. வியர்வைச் சுரப்பியிலே அந்த வாயில் மூடிக் கிடந்தால், உடலுக்குள் திரும்ப வேண்டிய உப்பு திரும்பாமல் தோலிலேயே வழிந்துவிடுகிறது. அதுதான் தாயின் உதட்டிலே கரித்த உப்பு. கணையத்திலே மூடிக் கிடந்தால், செரிமான நீர் குடலுக்கு வந்து சேராது. உண்டது உடலில் ஒட்டாது. அதுதான் நாம் மாந்தம் என்றும் சவலை என்றும் பெயர் சூட்டும் அவலங்களுள் ஒன்று.

இவை துன்பங்கள். உயிரை உண்பதோ நுரையீரலில் நடக்கும் கொடுமை. வயிற்றுக் கோளாற்றுக்கு மாத்திரை உண்டு, உப்புக்கு உப்பே மருந்து. இந்நோயால் மாள்வோரில் மிகப் பெரும்பாலோர் மூச்சு வழியேதான் மாள்கின்றனர்.

மூச்சுக்குழல்களின் உட்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நெற்பயிர் போல் அசைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய நீர்ப்படலம். அதன் மேல் சளி. நாம் இழுக்கும் தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அதை மேலே மேலே தள்ளித் தொண்டைக்கு அனுப்பிவிடும். உறங்கும் போதும் ஓயாத துப்புரவுப் பணி! குளோரைடு வாயில் மூடிக் கிடக்கும் பிள்ளைக்கு அந்த நீர்ப்படலம் வற்றிவிடுகிறது. நீர் வற்றிய வாய்க்காலில் சேறு இறுகுவது போல் சளி இறுகுகிறது. இறுகிய சளியிலே கிருமி குடியேறுகிறது. முதலில் பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ், பின்னர் சூடோமோனாஸ். பின்னது ஒருமுறை வேரூன்றி, தன்னைச் சுற்றி வழவழப்பான கோட்டை கட்டிக்கொண்டால், எந்த மருந்துக்கும் எளிதில் அசையாது.

உடல் வாளாவிருக்குமா? வெள்ளணுப் படையை ஏவுகிறது. படை வந்து பொருது மடிகிறது. மடிந்த அணுக்களின் சிதைவு சளியை மேலும் பிசினாக்குகிறது. அவை உமிழும் எலாஸ்டேஸ் என்னும் நொதியோ கிருமியோடு நிற்பதில்லை, குழலின் சுவரையே அரித்துவிடுகிறது. காக்க வந்த படையே ஊரைக் கொளுத்தும் காட்சி! சுவர் தளர்ந்து குழல் பையாக அகன்றுவிட்டால், அது பழையபடி சுருங்குவதில்லை. அகன்ற பையிலே மேலும் சளி, மேலும் கிருமி, மேலும் போர்.

இது ஏதோ இருபது வயதில் வரும் விளைவு என்று எண்ணிவிடாதீர்கள். இந்நோயுடன் பிறக்கும் பிள்ளையின் நுரையீரல் பிறக்கும்போது ஏறக்குறையச் செவ்வையாகவே இருக்கிறது. கேடு தொடங்குவது தொட்டிலிலே. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மாதக் குழந்தையின் மூச்சுக்குழல் நீரில் அந்த அரிக்கும் நொதி தென்பட்டால், மூன்று வயதுக்குள் குழல் அகன்றுபோகும் ஆபத்து மிகுதி என்று அது காட்டிற்று. மூன்று மாதம்! நம் வீடுகளில் பிள்ளைக்குக் குப்புறக் கவிழ முடியாத பருவம். இருமல் தானாகச் சரியாகிவிடும், பல் முளைத்தால் போய்விடும், மொட்டை போட்டால் தீர்ந்துவிடும் என்று நாள் கடத்தும் பருவம். அங்கே கடத்தும் ஒவ்வொரு நாளும் நுரையீரலில் கழிக்கப்படுகிறது.

இதையெல்லாம் கண்டறிந்தது யார்? தவசிகளா, தாந்திரீகர்களா? 1938-ல் நியூயார்க்கிலே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், மாண்ட பிள்ளைகளின் உடலை ஆராய்ந்துவந்த ஒரு பெண்மணி, டாரதி ஆண்டர்சன். அறுவை மருத்துவராக விரும்பியவர் அவர். பெண் என்பதற்காக அந்தக் கதவை அவருக்கு அடைத்தார்கள். அடைத்த கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கவில்லை அவர். பிணவறைக்குச் சென்று, வேறு ஏதோ வயிற்று நோய் என்று எழுதி மூடிய கதைகளைத் திறந்து, இது தனி நோய் என்று நிறுவினார். பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று இன்றும் கேட்கும் பெரியவர்கள் இந்தப் பெயரை ஒரு முறை உச்சரித்துப் பார்க்கட்டும்.

பத்தாண்டு கழித்து, 1948-ல், அதே நகரில் கடும் வெயில். வெயிலில் சுருண்டு விழுந்த பிள்ளைகளில் இந்நோயினர் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் கண்டார் டி சான்ட் அக்னேசே என்ற மருத்துவர். ஏன் இந்தப் பிள்ளைகள் மட்டும் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து, வியர்வையில் உப்பு மிகுதி என்ற உண்மை 1953-ல் வெளியாயிற்று. 1959-ல் கிப்சன், குக் என்னும் இருவர் சோதனை முறையைச் செம்மைப்படுத்தினர். பிள்ளையின் முன்கையில் பைலோகார்ப்பின் என்னும் மருந்தை வைத்து, ஐந்து நிமிடம் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, அரை மணி நேரம் வியர்வையைச் சேர்த்து, குளோரைடை அளப்பது. ஊசி இல்லை, குருதி இல்லை, வலி இல்லை. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். 30-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. 1989-ல் லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் பழுதான மரபணுவையே கண்டெடுத்தன. 1,480 மணிகள் கோத்த மாலையிலே 508-ஆவது மணி விடுபட்டிருக்கிறது என்பதே மேலைநாட்டு நோயாளர்களில் மிகுதியாகக் காணப்படும் பழுது. முன்வினை என்றார்களே, அந்த முன்வினையின் முகவரி இதுதான்!

இத்தனையும் தெரிந்த உலகத்திலே நம் நாட்டுப் படித்தவர்களின் மறுமொழி என்ன? "அது வெள்ளையர் நோய். நமக்கு வராது" என்பது. நெடுங்காலம் பாடமாகவே ஓதப்பட்ட மொழி இது. வெயிலுக்குக் கறுத்த தோலைப் பார்த்து மரபணு வழிவிட்டு ஒதுங்கிச் செல்லுமோ? இந்தியக் குழந்தையிடம் இந்நோய் இருப்பது 1968-லேயே மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. இங்கிருந்து குடிபெயர்ந்து சென்றவர்களின் பிள்ளைகளைக் கணக்கிட்டு, பிரிட்டனில் பத்தாயிரத்தில் ஒருவர் என்றும், அமெரிக்காவில் நாற்பதாயிரத்தில் ஒருவர் என்றும் மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு எட்டு, ஒன்பது இலட்சம் பிள்ளைகள் பிறக்கின்றன. குறைந்த மதிப்பையே கொள்ளுங்கள்: ஆண்டுதோறும் இருபது பிள்ளைகள். கூடிய மதிப்பைக் கொண்டால் எண்பது, தொண்ணூறு. பத்தாண்டில் எத்தனை பேர் என்று பெருக்கிக்கொள்வது வாசகர் வேலை. அந்தப் பிள்ளைகள் எங்கே?

எங்கே என்று நாம் சொல்கிறோம். 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று எழுதிய சீட்டுகளுக்குள்ளே இருக்கிறார்கள். காசநோய் நிறைந்த நாடு இது. இருமும் பிள்ளையைக் கண்டதும் காசநோயை நினைப்பதில் குற்றம் காணமாட்டோம். ஆறு மாதம் மருந்து கொடுத்தும் இருமல் ஓயவில்லை, எடை ஏறவில்லை, மலத்தில் எண்ணெய் மிதக்கிறது என்னும்போது, மறுபடியும் அதே மருந்தையே ஆறு மாதம் எழுதுகிறார்களே, அதைத்தான் குற்றம் என்கிறோம். இந்தியாவில் இந்நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பலர், அதற்கு முன்பு காசநோய் மருந்து உண்டவர்களே.

நாம் பணிபுரியும் பள்ளியிலே மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அடிக்கடி வராமல் நின்றுவிடுவாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பாள். இரண்டு முறை காசநோய் மருந்து, மூன்று முறை நிமோனியா என்று படுக்கை, ஊருக்குள் வேர் கட்டியவர் ஒருவர், மந்திரித்தவர் இருவர். நான்கு வயது நிறையும் முன் அந்தப் பிள்ளை போய்விட்டான். அவனுக்கு இருந்தது இந்த நோய்தானா? ஒருவரும் அவன் வியர்வையை அளக்கவில்லை. ஆகவே அவன் எந்தக் கணக்கிலும் இல்லை. 'அரிய நோய்' என்கிறார்களே, அந்த அருமை இப்படித்தான் பிறக்கிறது. அளப்பதில்லை, ஆகவே எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லை, ஆகவே அரிது. அரிது, ஆகவே அளக்க வேண்டுவதில்லை! செக்குமாடு சுற்றுவதுபோல் சுற்றும் இந்த வாதத்துக்குப் புள்ளியியல் என்று பெயரிட்டு மேசை மீது வைக்கிறார்கள்.

நம் வெயிலையும் நினைக்க வேண்டும். நியூயார்க் நகரம் ஒரு கோடையில் கண்டதை நாம் ஒவ்வொரு கத்திரி வெயிலிலும் காண வேண்டியவர்கள். உப்பை வியர்வையில் கொட்டித் தீர்க்கும் கைக்குழந்தை துவண்டுபோகும், வாந்தி எடுக்கும், குருதியில் உப்பும் பொட்டாசியமும் வற்றிப்போகும். வெப்ப நாடுகளில் நோயின் முதல் அடையாளமே இதுவாக இருப்பதுண்டு. நீர்ச்சத்துக் குறைவு என்று எழுதி, பாட்டில் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முடிந்ததா? வியர்வையைச் சோதிக்க நம் வானமே நமக்கு நினைவூட்டுகிறது. நாம்தான் விசிறியைத் தேடுகிறோம்.

இனி, பெற்றவள் மீது எறியும் கல். பிள்ளை சாகச் சாகப் பெறுகிறாள் என்று மாமியார் ஏசுவதும், மகனுக்கு மறுமணம் பேசுவதும் நாம் அறியாததா? பழுதான படிகள் இரண்டில் ஒன்று தாயுடையது என்றால் மற்றொன்று அருமை மகனுடையது! இருவரும் நோயற்றவர்களாகவே இருப்பர். பழுது அவர்களுக்குள் மறைந்திருக்கும். ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் அவளுக்கு மட்டும் பாவம் எங்கிருந்து வந்தது?

இங்கே நாம் விரும்பாத ஒன்றையும் பேசியாக வேண்டும். தாய்மாமனுக்குக் கொடுப்பது, அத்தை மகனுக்கு முடிப்பது, முறைப்பெண் உரிமை, சொத்து வெளியே போகக் கூடாது என்னும் கவலை. கரும்பலகையில் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு இது. ஒரு பெண்ணிடம் பழுதான படி ஒன்று இருக்கிறது. அது அவள் தாய் வழி வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. தாயிடம் இருந்தால் தாயின் தம்பியிடமும் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆக, தாய்மாமனிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகனிடம் எட்டில் ஒன்று. உறவே இல்லாத ஒருவனிடம்? நோய் நாற்பதாயிரத்தில் ஒரு பிள்ளைக்கு என்று வைத்தால், நூறில் ஒன்று. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு இரத்த உறவுக்குள் நடந்தவை. நெருங்கிய உறவில் மணந்த பலருக்கும் நல்ல பிள்ளைகள் பிறக்கின்றன என்பது உண்மை. உறவே இல்லாத மணத்திலும் இந்நோய் வருகிறது என்பதும் உண்மை. மணந்துவிட்டவர்களைத் தூற்றுவது நம் நோக்கமன்று. இனி நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பவர்களைக் கேட்கிறோம்: பத்துப் பொருத்தம் பார்க்கிறீர்களே, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஒத்துப் பார்க்கிறீர்களே, குடும்பத்தில் இருமி இளைத்து மாண்ட பிள்ளை உண்டா என்ற ஒரு கேள்வியைக் கேட்டதுண்டா?

கண்டுபிடித்து என்ன பயன், மருந்து கோடிக்கணக்கில் என்கிறார்களே என்பார்கள். பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடப் பொல்லாதது. ஆகவே பிரித்துப் பார்ப்போம்.

கோடி வேண்டாத மருத்துவமே நிறைய உண்டு. நாள்தோறும் பிள்ளையைச் சாய்த்துப் படுக்க வைத்து மார்பையும் முதுகையும் முறையாகத் தட்டிச் சளியை இறக்குவது. தாய் தந்தையர் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். உணவோடு கணைய நொதி. கொழுப்பு நிறைந்த உணவு. கோடையில் கூடுதல் உப்பு. கிருமி தலைகாட்டும் போதே அடக்கும் மருந்துகள். பிறகு அந்த வியப்பான உப்பு நீராவி! ஆஸ்திரேலியாவில் கடல் அலையில் சறுக்கி விளையாடும் இந்நோயினருக்குச் சளி எளிதில் இறங்குவதைக் கண்டு, செறிவான உப்பு நீரை நெபுலைசர் வழியே மூச்சோடு இழுக்கச் செய்து பார்த்தனர். பயன் உண்டு என்று 2006-ல் வெளியிட்டனர். உப்பைச் சூனியம் என்ற உலகம் உப்பையே மருந்தாக்கிய கதை இது. உப்புக்கும் நீருக்குமா காப்புரிமை கேட்கப் போகிறார்கள்? 1950-களில் அமெரிக்காவில் இப்பிள்ளைகள் தொடக்கப்பள்ளி வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. மரபணுவைத் தொடும் புது மருந்து எதுவும் வருமுன்பே, இந்த எளிய பணிகளாலும் கிருமிக்கொல்லிகளாலும் அவர்களை முப்பது வயதுக்கு மேல் கொண்டு சென்றுவிட்டார்கள். ஆனால் தட்ட வேண்டிய மார்பு எது என்று தெரிந்தால்தானே தட்ட முடியும்!

கோடி கேட்கும் மருந்தும் உண்டு. மூடிய வாயிலையே திறக்கும் மருந்து. முதலாவது 2012-ல் வந்தது. மூன்று மருந்துகளை ஒன்றாக்கியது 2019-ல். அமெரிக்காவில் 2023-ல் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்க இசைவு கிடைத்தது. அறிவியலின் அருஞ்செயல், ஐயமில்லை. விலை? 2019-ல் அறிவித்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 3,11,000 டாலர். இரண்டரைக் கோடி ரூபாய்! அதையே தயாரிக்க ஆகும் செலவைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் ஆண்டுக்கு 6,000 டாலருக்கும் குறைவு என்று 2022-ல் எழுதினார்கள். ஐம்பது மடங்கு இடைவெளியிலே யாருடைய மூச்சு விற்பனையாகிறது என்று கேட்பது குற்றமா? இந்திய அரசின் அரிய நோய்க் கொள்கை 2021-ல் வந்தது. இந்நோயின் மருந்துகளும் அதன் பட்டியலில் உண்டு. 2022 முதல் உதவி 50 இலட்சம் வரை. இரண்டரைக் கோடி மருந்துக்கு 50 இலட்சம் எத்தனை நாள்? எழுபத்துச் சொச்சம் நாள். எழுபத்தைந்தாம் நாள் மூச்சை நிறுத்திக்கொள் என்று பிள்ளையிடம் சொல்வதா?

அதுமட்டுமன்று. 508-ஆவது மணி விடுபட்ட பழுதையே முதன்மையாகக் குறிவைத்த மருந்து அது. இந்திய நோயாளரிடம் அந்தப் பழுது மேலைநாட்டாரிடம் உள்ள அளவுக்கு இல்லை. வேறு பழுதுகள் மிகுதி. நம் பிள்ளைகளிடம் இருக்கும் பழுது எவை, எத்தனை பேரிடம் என்று எழுதி வைக்காமல், விலை குறைந்தால் மட்டும் நமக்குப் பயன்படும் மருந்து எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் முதற்படி அந்த அரை மணி நேர வியர்வைச் சோதனைதான்.

நியூ சவுத் வேல்ஸில் 1981 முதல், பிறந்த பிள்ளையின் குதிகாலில் ஒரு துளி குருதி எடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் இந்நோய்க்குச் சோதிக்கிறார்கள். நாம் அவ்வளவு கேட்கவில்லை, இப்போதைக்கு. மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையிலேனும் வியர்வைச் சோதனை வேண்டும். அங்கே அதைச் செய்யப் பயின்ற ஒருவர் வேண்டும்; கருவி வாங்கி உறை கழற்றாமல் வைத்திருப்பது நம் அலுவலகங்களின் கலை என்பதால் இதைத் தனியே சொல்கிறோம். இரண்டாம் முறை நிமோனியா வந்த பிள்ளை, ஆறு மாத மருந்துக்கும் எடை ஏறாத பிள்ளை, கோடையில் காரணமின்றித் துவளும் கைக்குழந்தை, முன்பு ஒரு பிள்ளையை இப்படி இழந்த வீட்டின் அடுத்த பிள்ளை: இவர்களை அந்த மேசைக்கு அனுப்பும் கடமை சீட்டு எழுதும் ஒவ்வொரு கைக்கும் வேண்டும். எத்தனை பேரைச் சோதித்தோம், எத்தனை பேருக்கு 60-ஐத் தாண்டிற்று என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் ஒரு தாள் வேண்டும். தொடக்கப்பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை ஐந்து நாள் வராவிட்டால் நம்மிடம் விளக்கம் கேட்கிறது அரசு. பள்ளிக்கே வந்து சேராத பிள்ளைகளைப் பற்றி விளக்கம் கேட்பது எங்கள் முறை.